பீரோவுக்குள் பூட்டிய கற்றல்

பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஜூன் மாதம் பிறந்தால் என் கால்கள் ஏதேனும் ஒரு தொடக்கப் பள்ளியின் வாசலில் போய் நின்றுவிடுகின்றன. அண்மையில் சங்ககிரி வட்டத்தில் உள்ள ஓர் ஈராசிரியர் பள்ளிக்குச் சென்றிருந்தேன். அதன் தலைமையாசிரியை பல ஆண்டுகளுக்கு முன் வட்டார வள மையப் பயிற்சிகளில் என்னோடு அமர்ந்தவர். பேச்சின் இடையே அறையில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார். மணிச்சட்டம், பின்ன வட்டுகள், எழுத்து அட்டைகள், விரல் பாவைகள், படக்கதைப் புத்தகங்கள் என அடுக்கடுக்காக இருந்தன. பாதிக்கு மேற்பட்டவை பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே இருந்தன. "எல்லாம் கணக்குல சரியா இருக்குதுங்க ஐயா" என்றார். அந்தக் குரலில் பெருமையைவிட நிம்மதியே அதிகம் தெரிந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதே பீரோவை நானும் அதே நிம்மதியோடு பூட்டியவன்தான்.

குழந்தைகளுக்கு ஈர்ப்பான கற்றல் பொருட்களும் செயல்பாடுகளும் வேண்டும் என்பதில் இன்று கட்சி பேதமோ கொள்கை பேதமோ இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியே குழந்தை கற்க வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் இணைப்பு அட்டவணை, ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான கற்பித்தல் கருவிகளும் விளையாட்டுப் பொருட்களும், ஒவ்வொரு பள்ளிக்கும் கதைப் புத்தகங்களோடு கூடிய நூலகமும் இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. மத்திய அரசு 2023 பிப்ரவரியில் 3 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்காக 'ஜாதுயி பிட்டாரா' என்ற பெயரில் விளையாட்டுப் பொருட்கள், புதிர்கள், பொம்மைகள் அடங்கிய பெட்டியை அறிமுகம் செய்தது. தமிழ்நாடு அரசு 2022 ஜூன் மாதம் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு ஆடல், பாடல், கதை, பாவைக்கூத்து ஆகியவற்றையே பாட முறையாக்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. ஆகவே நம்மிடம் பொருள் இல்லை என்றோ கொள்கை இல்லை என்றோ சொல்ல முடியாது. பொருள் குழந்தையின் கையை ஏன் எட்டவில்லை என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

நமக்குப் புதியதல்ல

இந்தக் கேள்வியைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கிறது. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலி கிராமப்புறக் கல்வி மையம், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கையாளும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காகக் கற்றல் ஏணியையும் அட்டைகளையும் உருவாக்கியது. அதைப் பின்பற்றி 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்து, பின்னர் மாநிலத்தின் அனைவருக்கும் கல்வி இயக்கத்தை வழிநடத்திய எம்.பி. விஜயகுமார் இதற்குப் பின்னின்ற அதிகாரி. 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

அந்த ஆண்டு என் பள்ளிக்கு அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கிய நாள் இன்றும் நினைவில் இருக்கிறது. பெஞ்சுகள் வெளியேறின, பாய்கள் வந்தன. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை வரைந்தோம். பிள்ளைகள் வரைந்தவற்றைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் கட்டினோம். ஒவ்வொரு பிள்ளையும் ஏணிப்படியில் தான் நிற்கும் இடத்தைப் பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே தட்டிலிருந்து எடுத்து வந்து அமர்ந்தது. நேற்று வராத பிள்ளை, விட்ட படியிலேயே இன்று தொடரலாம். மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு வாரம் ஊருக்குப் போய்விடும் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் அட்டைகளோடு ஒரு பதிவேடும் வந்தது. எத்தனை அட்டைகள், எத்தனை தட்டுகள், ஆய்வின்போது எத்தனை குறைவு என்ற கணக்கு. தொலைந்தால் பொறுப்பு ஆசிரியருடையது என்பதே எங்கள் எல்லோருடைய புரிதல். ஒரு நாள் மாலை எண்ணிப் பார்த்தபோது ஓர் அட்டை குறைந்தது. மறுநாள் விசாரித்ததில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதில் இருந்த படத்தைப் பாட்டியிடம் காட்டி, தான் படித்த வாக்கியத்தைப் படித்துக் காட்டக் கொண்டுபோயிருக்கிறாள். நான் திட்டினேன். பிற பிள்ளைகள் முன்னிலையில் திட்டினேன். அதன் பிறகு பல நாட்கள் அவள் தட்டின் பக்கமே போகவில்லை. நான் எடுத்துக் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொண்டாள். அந்த அட்டையின் விலை சில ரூபாய் இருக்கும். பள்ளியில் படித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்ற ஆசைக்கு என்ன விலை போடுவது? எந்தப் பயிற்சியும் எனக்குக் கற்றுத் தராத பாடத்தை அந்தப் பிள்ளையின் மௌனம் கற்றுத் தந்தது. ஆனாலும் மறு ஆண்டும் பதிவேட்டுக்கு அஞ்சி நான் பீரோவைப் பூட்டவே செய்தேன்.

2012-13இல் முப்பருவ முறை வந்ததும் அட்டைகளின் இடத்தைப் புத்தகங்கள் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டன. கிழிந்த அட்டைகளுக்கு மாற்று வரவில்லை. ஏணியில் நடுப்படிகள் இல்லாதபோது ஏறுவது எப்படி? திட்டம் தோற்றது என்று பலர் சொன்னார்கள். தேய்மானத்துக்கு இடம் ஒதுக்காத எந்தத் திட்டமும் அப்படித்தான் முடியும்.

எண்கள் சொல்வது

செயல்பாடுகளை ஐயத்தோடு பார்ப்பவர்களுக்கும் நியாயம் உண்டு. ஊரகப் பகுதிகளில் நடத்தப்படும் 'அசர்' ஆய்வின் 2022 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக் கூடியவர்கள் 4.8 விழுக்காட்டினர் மட்டுமே. நாட்டின் சராசரி 20.5 விழுக்காடு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் விளைவு இதில் இருக்கிறது. ஆனால் கரோனாவுக்கு முன்பும் நம் நிலை மெச்சும்படி இல்லை. "பாட்டும் ஆட்டமும் போதும், எழுத்தைச் சொல்லிக் கொடுங்கள்" என்று ஒரு தந்தை கேட்டால் அவரை அறியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. செயல்வழிக் கற்றல் காலத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுத்தைக் காணாத பெற்றோர் பலர், கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றினார்கள். பள்ளியில் நடப்பதை அவர்களுக்குப் புரியும்படி காட்டத் தவறியது நம் குற்றம்.

அதே தமிழ்நாட்டில் இன்னொரு சான்றும் இருக்கிறது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், தத்தம் தெருவிலேயே மாலை நேரத்தில் அதிகபட்சம் 20 பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை, பாட்டு, விளையாட்டு வழியே கற்பித்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டு ஊரகங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, கரோனாவில் இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கணித்தது.

இந்த இரண்டு சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெட்டி பெட்டியாகப் பொருள் வந்து சேர்வதால் மட்டும் கற்றல் நிகழ்வதில்லை. அருகில் ஒரு மனிதர், நாள்தோறும் ஒரு மணி நேரம், பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கும் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தால், பொருள் எளிமையாக இருந்தாலும் கற்றல் நிகழ்கிறது. பயன் தந்த அந்தத் திட்டமோ அதன் பின்னர் படிப்படியாகச் சுருங்கியது என்பது வருத்தத்துக்குரியது.

வீட்டுக்கு அனுப்பப்படும் சுமை

பள்ளியின் கதை இப்படி இருக்க, வீட்டின் கதை வேறு. ஓர் இரவு சங்ககிரிப் பேருந்து நிலையம் பக்கம் ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். விசைத்தறிப் பஞ்சு தலையில் ஒட்டியிருக்க, ஒரு பெண் கைப்பேசியை நீட்டி, மகளின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்த செயல்பாட்டுத் தாள்களை வண்ணத்தில் அச்சிட்டுத் தரச் சொன்னார். கூடவே மறுநாள் காலைக்குள் 'சூரியக் குடும்பம்' மாதிரி வேண்டுமாம். கடைக்காரர் மேலடுக்கிலிருந்து தயாராகச் செய்து வைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கோள்கள் எட்டும் ஒட்டி முடிக்கப்பட்டிருந்தன. அந்தக் குழந்தை செய்வதற்கு அதில் எதுவுமே மிச்சமில்லை.

'செயல்பாடு' என்ற பெயரில் நாம் வீட்டுக்கு அனுப்புவது பல நேரங்களில் இதுதான். தாய்க்குச் செலவு, குழந்தைக்கு வேடிக்கை, ஆசிரியருக்கு ஒரு மதிப்பெண். சங்ககிரி, திருச்செங்கோடு, குமாரபாளையம், எடப்பாடி வட்டாரத்து வீடுகளின் அமைப்பை அறியாமல் வகுக்கப்படும் வீட்டுச் செயல்பாடு இப்படித்தான் முடியும். இங்கே தந்தை லாரியில் சென்றால் திரும்பப் பல நாட்கள் ஆகும். ரிக் வண்டியில் சென்றால் மாதங்கள் ஆகும். தாய் தறிப்பட்டறையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருவார். வீட்டில் இருப்பவர் எழுத்தறியாத பாட்டியாக இருக்கலாம். வட மாநிலங்களிலிருந்து வந்து தறியோட்டும் குடும்பமாக இருந்தால் வீட்டு மொழியே வேறு. இந்த வீடுகளில் அச்சுப்பொறியும் வண்ணக் காகிதமும் ஓய்வான பெற்றோரும் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு பாடம் அனுப்புவது, இருப்பவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையிலான பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும்.

ஆனால் இந்த வீடுகளில் கற்றல் பொருட்கள் இல்லை என்று எண்ணினால் அதுவும் தவறே. சங்ககிரிக் குழந்தை எழுத்துக்கூட்டும் முன்பே 'டிஎன் 52' என்பது தன் ஊர் வண்டி என்றும், 28 நாமக்கல் என்றும், 34 திருச்செங்கோடு என்றும் சொல்லிவிடும். தேசிய நெடுஞ்சாலையில் ஐந்து நிமிடம் நின்றால் மகாராஷ்டிரமும் குஜராத்தும் கர்நாடகமும் ஆந்திரமும் எண் பலகைகளாக அதன் முன் ஓடுகின்றன. பத்துச் சக்கர லாரி மூன்று, பன்னிரண்டு சக்கர லாரி இரண்டு என்றால் மொத்தம் எத்தனை சக்கரம் என்று கேட்டுப் பாருங்கள். வாய்ப்பாட்டை ஒப்பிக்கத் தயங்கும் பிள்ளை விரல்விட்டுச் சொல்லிவிடும். என் பள்ளியில் சுவரில் ஓர் இந்திய வரைபடத்தை ஒட்டி, அப்பா இன்று எங்கே இருக்கிறார் என்று பிள்ளைகள் பொட்டு ஒட்டும் வழக்கம் சில ஆண்டுகள் இருந்தது. இரவு கைப்பேசியில் அப்பாவிடம் ஊர் கேட்டு வந்து, காலையில் நாக்பூரையும் விஜயவாடாவையும் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அதற்கு ஆன செலவு ஒரு வரைபடமும் நெற்றிப் பொட்டு அட்டையும். அந்தத் தொலைபேசி அழைப்பு முன்பைவிடச் சற்று நீண்டது என்று ஒரு தாய் என்னிடம் சொன்னதே எனக்குக் கிடைத்த ஆய்வு முடிவு.

பாட்டிக்கு எழுதத் தெரியாது. ஆனால் பல்லாங்குழி தெரியும். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து, ஆக எழுபது என்பது பெருக்கல். ஒவ்வொன்றாகப் போட்டுச் சென்று எங்கே முடியும் என்று முன்கூட்டியே கணிப்பது அதைவிட உயர்ந்த கணக்கு. மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து ஆடும் ஆடுபுலி ஆட்டம், நான்கு நகர்வுகளுக்கு அப்பால் யோசிக்கப் பழக்குகிறது. தறியில் துண்டின் கரைக்கும் கட்டத்துக்கும் எண்ணிக்கை உண்டு. அம்மாவிடம் கேட்டு நோட்டில் வண்ணமிட்டு வந்தால் அது கோல அமைப்புப் பாடம். ஊரின் தலைமேல் நிற்கும் மலைக்கோட்டை, தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட இடம். ஆடிப் பதினெட்டில் ஊரே திரளும் அந்த வரலாற்றுக்குப் பாட்டிமார் சொல்லும் கதை ஒன்று, பாடநூல் சொல்வது ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பேசினால் மூன்றாம் வகுப்பிலேயே வரலாற்று ஆய்வு தொடங்கிவிடும்.

இதைப் பழம்பெருமை பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல்லாங்குழி ஆடினால் மட்டும் படிக்க வந்துவிடாது. எழுத்தும் ஒலியும் முறையாக, படிப்படியாக, நாள்தோறும் கற்பிக்கப்பட வேண்டும். அதைச் செய்ய வேண்டிய இடம் பள்ளி. செய்ய வேண்டியவர் ஆசிரியர். வீட்டின் பங்கு வேறு. பள்ளியில் கற்றதைப் பயன்படுத்திப் பார்க்கவும், பேசவும், பெருமையோடு காட்டவும் இடம் தருவதே வீட்டின் வேலை. இந்த வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தால் தாய் நள்ளிரவில் சூரியக் குடும்பம் வாங்க அலைய வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, கற்றல் பொருட்களை மேசை, நாற்காலி போன்ற நிலைப்பொருளாகக் கணக்கிடும் வழக்கத்தை விட்டு, சுண்ணாம்புக்கட்டி போன்ற நுகர்பொருளாகக் கருத வேண்டும். கதைப் புத்தகம் இரண்டு ஆண்டுகளிலும் அட்டைகள் ஓர் ஆண்டிலும் கிழிந்துபோகும் என்பதை விதியாகவே எழுதிவிடலாம். ஆய்வுக்கு வரும் அலுவலர் "எத்தனை இருக்கிறது?" என்று கேட்பதற்குப் பதில் "எத்தனை தேய்ந்திருக்கிறது?" என்று கேட்கட்டும். உறை பிரிக்காத பெட்டியே குறையாக எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, மாற்றுப் பொருள் வாங்க ஆசிரியரின் கையில் சிறு தொகை வேண்டும். அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கற்பித்தல் பொருட்களுக்கென வழங்கப்பட்டது. தொகை சிறிதுதான், ஆனால் எதை வாங்குவது என்று முடிவு செய்யும் உரிமை வகுப்பறைக்கு இருந்தது. இன்று பொருட்கள் ஒரே வகையில் மொத்தமாக மேலிருந்து வருகின்றன. கடலோரப் பள்ளிக்கும் சங்ககிரிக்கும் ஒரே படம். நிதியைப் பொறுத்தவரை, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படாததால் தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தம் குறித்து இரு அரசுகளுக்கும் இடையே உள்ள கருத்து வேறுபாடு பேசித் தீர்க்கப்பட வேண்டியது. ஆறு வயதுக் குழந்தையின் அட்டைப் பெட்டியைப் பிணையாக வைத்து அதைத் தீர்க்கக் கூடாது.

மூன்றாவது, எந்த வீட்டுச் செயல்பாடும் மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும். அதற்குப் பணம் செலவாகக் கூடாது. எழுத்தறியாத ஒருவர்கூட உடன் இருந்து செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அதைப் பள்ளியிலேயே செய்துவிடலாம். இது அரசுப் பள்ளிகளைவிடத் தனியார் பள்ளிகளுக்கே கூடுதலாகப் பொருந்தும்.

நான்காவது, மாலை நேரக் கற்றல் மையங்களை, குறைந்தபட்சம் தறி, செங்கல் சூளை, லாரித் தொழில் சார்ந்த குடியிருப்புகளில், நிலையான ஏற்பாடாக்க வேண்டும். பெற்றோர் வீடு திரும்பும் வரை பிள்ளை தெருவிலும் கைப்பேசியிலும் கழிக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய வீணாகும் வளம்.

ஐந்தாவது, ஆசிரியரின் நேரம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கும் சிந்தனை சரியானது. ஆனால் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் கையாளும் பள்ளியில், ஒவ்வொரு மதிப்பீட்டையும் செயலியில் ஏற்றுவதற்குள் பாவைக்கூத்துக்கான நேரம் போய்விடுகிறது என்ற ஆசிரியர்களின் குறை நியாயமானது. பதிவு செய்வது கற்பித்தலுக்கு உதவ வேண்டும். அதன் நேரத்தை விழுங்கக் கூடாது.

இவை எதற்கும் புதிய திட்டப் பெயர் தேவையில்லை, தொடக்க விழா தேவையில்லை. முதலாவதற்குப் பணம்கூடத் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். விடைபெறும்போது அந்தத் தலைமையாசிரியையிடம் ஒரு கதைப் புத்தகத்தையாவது இன்று மாலை ஏதேனும் ஒரு பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள் என்றேன். "திரும்பி வரலைன்னா ஐயா?" என்றார். வராமல் போனால் அது ஒரு வீட்டில் இருக்கும், யாரோ ஒரு பாட்டிக்கு ஒரு பிள்ளை படித்துக் காட்டிக்கொண்டிருக்கும் என்றேன். அவர் சிரித்தார். பதிவேட்டில் அதை எந்தக் கலத்தில் எழுதுவது என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சென்னையில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.